பட்டிப்பளை ஆற்றின் கடைமடை: கல்லோயா இடதுகரையை எல்லை தாண்டும் ஆறாக வாசித்தல்

நாட்டெல்லையைத் தாண்டிப் பாயும் ஆறு ஒன்றுகூட இலங்கையில் இல்லை. ஆனாலும் நாடுகள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் நீரைப் பற்றிய ஆய்வில் முன்வரிசையில் நிற்கும் நிறுவனங்களுள் ஒன்று இத்தீவில்தான் இருக்கிறது. 1984இல் கண்டிக்கு அருகே திகனவில் சர்வதேச நீர்ப்பாசன முகாமைத்துவ நிறுவனமாகத் தொடங்கி, பின்னர் கொழும்புப் பக்கம் இடம்மாறி, 1998இல் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் எனப் பெயர் மாற்றிக்கொண்ட அந்த அமைப்பு, தென்னாபிரிக்காவும் பொட்சுவானாவும் பகிரும் ராமொட்ஸ்வா நிலத்தடி நீர்ப்படுகை, லிம்போப்போ, வொல்ட்டா, சிந்து, கங்கை எனப் பல இடங்களில் ஆய்வு செய்திருக்கிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வயல் செய்யும் ஒருவருக்கு இவையெல்லாம் எங்கோ நடக்கும் காரியங்களாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஆறுகளில் ஆய்வாளர்கள் தேடுகிற விடைகளில் ஒரு பகுதி, அவருடைய வயலுக்கு நீர் வருகிற வாய்க்காலிலேயே நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் சோதித்துப் பார்க்கப்பட்டது.

இந்த நிகழ்வு ஆய்வு கிழக்கிலங்கையிலுள்ள கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையைப் பற்றியது. சட்டத்தின் கண்ணில் அது ஒரே நாட்டுக்குள் பாயும் ஆறு. ஆயினும் எல்லை தாண்டும் ஆறு ஒன்றுக்கு உரிய அடையாளங்கள் பெரும்பாலும் அதில் உண்டு: துருசை (மதகை) திறக்கிற கை மேலே இருக்கிறது, அதன் விளைவு கீழே தெரிகிறது; மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் வெவ்வேறு மொழி பேசுகிறார்கள்; இரு சாராருக்கும் வெவ்வேறு கச்சேரிகள் (மாவட்டச் செயலகங்கள்), வெவ்வேறு அரசியல் பிரதிநிதிகள்; இருவருக்குமிடையில் இரத்தம் சிந்திய நினைவு ஒன்றும் கிடக்கிறது. இத்தகைய இடத்தில் நீர்ப் பகிர்வு ஒரு காலகட்டத்தில் வியக்கத்தக்க அளவுக்கு வெற்றி பெற்றது. அது எப்படி நடந்தது, எந்த அளவுக்கு நிலைத்தது, நாடுகளின் ஆறுகளில் கையெழுத்தான ஒப்பந்தங்களோடு வைத்துப் பார்க்கும்போது அதில் எது குறைகிறது என்பவற்றைக் கடைமடையில், அதாவது வாய்க்காலின் கடைசி முனையில், நின்று பார்ப்பதே நோக்கம். கல்லோயாவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை நிறைய. அவை பெரும்பாலும் மேல்மடையிலுள்ள உகணைப் பக்கத்திலிருந்து கீழ்நோக்கிப் பார்த்தவை.

ஆறும் அணையும்

தமிழர் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிவந்த கல்லோயா, பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் தோன்றி, கல்முனைக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. சுதந்திரத்தின் பின் முதலாவது பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் காலத்தில், 1949இல், கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது; அதே ஆண்டில் இங்கினியாகலையில் அணைக்கட்டு வேலையை மொரிசன் நட்சென் என்ற அமெரிக்க நிறுவனம் தொடங்கியது. அங்கு உருவான சேனநாயக்க சமுத்திரம் ஏறத்தாழ 770,000 ஏக்கர் அடி நீரைத் தேக்கவல்லது. இன்றும் நாட்டின் மிகப்பெரிய நீர்த்தேக்கம் அதுவே. அதிலிருந்து இடதுகரை, வலதுகரை, ஆற்றுப் பிரிவு என மூன்று பகுதிகளுக்கு நீர் பகிரப்பட்டது.

அணை வருமுன்னரே இந்த ஆற்று நீரை நம்பி நெல் விளைந்த வட்டைகள் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கங்களில் இருந்தன. நிலவுடைமையாளரான போடிமாரும் அவர்களுக்காக வயல் செய்த முல்லைக்காரரும் நீர்ப் பங்கீட்டைக் கவனித்த வட்டவிதானைமாரும் கொண்ட ஒரு நீர் ஒழுங்கு அங்கு ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. மேலே அணை கட்டப்பட்டுப் புதிய நிலங்கள் திறக்கப்பட்டபோது, பழைய பாவனையாளரின் முன்னுரிமைக்கும் புதிய குடியேறிகளின் தேவைக்கும் இடையில் எழுந்த கேள்வி நைல் நதியில் எழுந்த கேள்விதான். 1959இல் எகிப்தும் சூடானும் தமக்குள் முறையே 55.5, 18.5 பில்லியன் கன மீற்றர் என நைலைப் பிரித்தெழுதியபோது, எதியோப்பியாவுக்கு அதில் ஒரு துளியும் ஒதுக்கப்படவில்லை. அங்கே கீழே உள்ளவர் பழைய உரிமையைப் பிடித்துக்கொள்ள, மேலே உள்ளவர் அணை கட்டினார். கல்லோயாவில் அணையைக் கட்டியது இருவருக்கும் பொதுவானதாகக் கருதப்பட்ட அரசு. அந்தப் பொதுத்தன்மையில் கீழே இருந்தவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பது வேறு கதை.

இடதுகரையின் மேற்பகுதியில் குடியேற்றப்பட்டவர்கள் பெரும்பாலும் வெளிமாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சிங்களக் குடும்பங்கள். பிரதான வாய்க்கால் வடக்கு நோக்கி நீண்டு முடியும் பகுதியில், மண்டூரின் பெயரைத் தாங்கிய கிளை வாய்க்காலிலும் நவகிரிக் குளத்தை ஒட்டிய நிலங்களிலும், பயிர் செய்தவர்கள் பெரும்பாலும் தமிழர். 1956 ஜூனில், தனிச் சிங்களச் சட்டம் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்ட நாட்களில், கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர்மீது தாக்குதல் நடந்து பலர் கொல்லப்பட்டனர். 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் உருவானது. அதன் பின்னர் நீரின் தலைப்பு ஒரு மாவட்டத்திலும் வாலின் ஒரு பகுதி மற்றொரு மாவட்டத்திலும் ஆயிற்று. மாகாண சபைகளை உருவாக்கிய, 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமும் இதை மாற்றவில்லை. ஊவா மாகாணத்தில் பிறந்து கிழக்கு மாகாணத்தில் முடியும் இந்த ஆறு மாகாணங்களுக்கிடையிலானது என்பதால், அதன் நீர்ப்பாசனம் மத்திய அரசின் கையிலேயே இருக்கிறது. மாகாண சபைக்குத் துருசின் சாவி கிடைக்கவில்லை.

1981: வாய்க்காலைத் துப்புரவாக்கியவர்கள்

எழுபதுகளின் முடிவில் இடதுகரை சீர்குலைந்து கிடந்தது. 65,000 ஏக்கர் அளவுக்குப் பரந்த அப்பகுதியில் வாய்க்கால்கள் தூர்ந்திருந்தன, துருசுகள் உடைக்கப்பட்டிருந்தன, வறட்சிக்காலப் பயிர்ப்போகமான சிறுபோகத்தில் கடைமடைக்கு நீர் போய்ச் சேருவது அரிதாக இருந்தது. மேல்மடையில் இருப்பவர் தேவைக்கு மேல் எடுப்பதற்குப் பேராசை மட்டும் காரணமல்ல. அடுத்த முறை நீர் வருமா என்பது தெரியாதபோது, வந்த நீரை வயலில் கட்டிவைப்பவரே புத்திசாலி என்று எண்ணப்படுவார். அப்படி எண்ணுவோர் பெருகினால் அடுத்த முறை நீர் உண்மையிலேயே வராது.

அமெரிக்க உதவியுடன் தொடங்கிய புனரமைப்புத் திட்டத்தில், கோர்னெல் பல்கலைக்கழகமும் கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் சேர்ந்து ஒரு செயல் ஆய்வை நடத்தின. கோர்னெலின் நோர்மன் அப்ஹோஃப் அதில் முன்னின்றவர். 1981இல் இளம் பட்டதாரிகள் அமைப்பாளர்களாகக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் கூட்டம் கூட்டி யாப்பு எழுதித் தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவு செய்யவில்லை. நம் ஊர்களில் எந்தச் சங்கமும் முதலில் செய்வது அதைத்தான், பெரும்பாலும் கடைசியாகச் செய்வதும் அதைத்தான். மாறாக, வீடு வீடாகச் சென்று கமக்காரருடன் பேசினார்கள். ஒரு வயல் வாய்க்காலில் நீர் எடுக்கும் பத்து முதல் இருபது வரையான குடும்பங்களே அலகாக எடுத்துக்கொள்ளப்பட்டன. முதலில் வேலை நடந்தது: சிரமதானத்தில் வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள், முறைநீர் வைத்து, அதாவது ஒருவர்பின் ஒருவராக முறைபோட்டு, பகிர்ந்தார்கள், மிஞ்சியதைக் கீழே விட்டார்கள். அதன் பிறகே, வாக்கெடுப்பின்றி, எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒருவர் பிரதிநிதியானார். அந்தப் பிரதிநிதிகளிலிருந்து பகிர்வு வாய்க்கால் மட்டத்திலும், அதற்கு மேல் பிரிவு மட்டத்திலும், இறுதியில் அதிகாரிகளும் அமரும் திட்ட முகாமைத்துவக் குழு மட்டத்திலும் அமைப்புகள் எழுந்தன.

தொடங்கிய சிறுபோகத்தில் நீர்த்தேக்கம் கொள்ளளவின் கால்வாசி அளவிலேயே இருந்தது. பற்றாக்குறைக் காலத்தில் ஒத்துழைப்பைத் தொடங்குவது மடமை என்றே எவரும் சொல்லியிருப்பார். நடந்தது அதற்கு நேர்மாறு. சில வாரங்களுக்குள், ஆண்டுக்கணக்காக மண்வெட்டி படாத வாய்க்கால்கள் துப்புரவாயின. சில இடங்களில் மேல்மடைக்காரர் தமக்கு உரிய நீர் நாட்களில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துக் கீழே அனுப்பினார்கள். சில ஆண்டுகளில் நீர்ப் பாவனையின் திறன் ஏறத்தாழ இரட்டிப்பானதாக ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். நாட்டிலேயே மிக மோசமான திட்டம் என்று பேசப்பட்ட ஒன்று முன்மாதிரியானது. 1988இல் கமக்காரர் பங்கேற்கும் நீர்ப்பாசன முகாமைத்துவத்தை அரசு தேசியக் கொள்கையாக ஏற்றதில் இந்த அனுபவத்துக்கும் பங்குண்டு.

இதில் அந்தச் செயல் ஆய்வின் பங்கு என்ன என்பதைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வந்த எவரும் கமக்காரருக்கு நீர்ப் பங்கீட்டைக் கற்பிக்கவில்லை. முறைநீர் வைப்பது நம் வட்டைகளில் பழைய வழக்கம். அமைப்பாளர்கள் செய்தது, ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியும்படி செய்ததே. ஒரே வாய்க்காலின் தலைப்பிலிருந்து கடைசிவரை எல்லோரும் சேர்ந்து நடந்து பார்த்தபோது, தன் வயலில் தேங்கும் நீர் கீழே எவருடைய வயலில் இல்லாமல் போகிறது என்பதை மேல்மடைக்காரர் முதன்முறையாகக் கண்ணால் கண்டார். எத்தனையோ ஆற்றுப் படுகைகளில் கோடிக்கணக்கில் செலவிட்டு உருவாக்கப்படும் கணினி மாதிரிகள் சாதிக்க முயல்வதும் இதைத்தான்.

1997: கீழே வந்த நீர்

ஆய்வுத் திட்டம் எண்பதுகளின் நடுவில் முடிந்தது, அமைப்பாளர்கள் போனார்கள், போர் வந்தது. 1997இன் சிறுபோகத்தில் இந்த ஒத்துழைப்புக்கு ஒரு சோதனை நேர்ந்தது. நீர்த்தேக்கத்தில் இருந்த நீர் 15,000 ஏக்கருக்கே போதும் என்று அதிகாரிகள் கணித்திருந்தனர். கமக்காரர் அமைப்புகளோ, எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெறுவது என்று முடிவெடுத்து, 65,000 ஏக்கரிலும் பயிர் செய்தன. விளைச்சல் வழமையான சராசரிக்கும் மேலே வந்ததாக அப்ஹோஃபும் விஜயரத்னவும் 2000இல் வெளியிட்ட கட்டுரை கூறுகிறது. மேலே இருந்தவர்கள் பெரும்பாலும் சிங்களவர், நீர் போய்ச் சேர்ந்தவர்களில் பலர் தமிழர் என்பதையும் அக்கட்டுரை எடுத்துச் சொல்கிறது.

இச்செய்தியின் கனத்தை உணர அந்த ஆண்டில் இப்பகுதி எப்படி இருந்தது என்பதை நினைக்க வேண்டும். படுவான்கரையின் பெரும்பகுதி அப்போது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. இராணுவச் சோதனைச் சாவடிகளைத் தாண்டி உரமும் டீசலும் எளிதாகப் போகாத காலத்தில், நீர் மட்டும் வாய்க்கால் வழியே போனது. நடைமுறையில் அது இரு ஆட்சிகளுக்கிடையிலான எல்லை. எந்த உடன்படிக்கையும் எந்த ஆணைக்குழுவும் இல்லாமல் ஓர் எல்லையைத் தாண்டி நீர் பகிரப்பட்டதற்கு உலகில் எடுத்துக்காட்டுகள் குறைவு.

கிழக்கிலேயே இதற்கு எதிர்மாறான சம்பவமும் உண்டு. 2006 ஜூலையில் திருகோணமலை மாவட்டத்தின் மாவிலாற்றில் புலிகள் துருசை மூடியபோது, கீழே சிங்கள, முஸ்லிம், தமிழ்க் கமக்காரர் என ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வயல் காய்ந்தது. அந்தத் துருசைத் திறக்கத் தொடங்கிய சண்டையோடு கிழக்கின் இறுதிப் போர் மூண்டது. துருசு யார் கையில் இருந்தாலும் அது ஆயுதமாகலாம். மேலே இருப்பவர் எந்த இனத்தவர் என்பதில் இதற்கான விளக்கம் இல்லை. ஆகவே கல்லோயாவின் 1997ஐ ஓர் இனத்தின் நற்குணமாக வாசிப்பதும் மாவிலாற்றை மற்றோர் இனத்தின் தீய குணமாக வாசிப்பதும் ஆய்வாகாது.

நாடுகளின் ஆறுகள்

நாடுகள் பகிரும் ஆற்றுப் படுகைகள் உலகில் 310 என்று கணக்கிடப்பட்டுள்ளது. அவற்றைப் பற்றிய ஆய்வில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரன் வுல்ஃப் முதலியோர் திரட்டிய தரவுத்தொகுப்பு. 1948 முதல் 1999 வரை நாடுகளுக்கிடையே நீர் தொடர்பாக நடந்த 1,831 நிகழ்வுகளில் 1,228 ஒத்துழைப்பைச் சேர்ந்தவை, 507 மட்டுமே முரண்பாட்டைச் சேர்ந்தவை என்று அது காட்டியது. நீருக்காகப் போர் மூளும் என்ற ஆரூடங்களை இந்த எண்கள் அடக்கின. ஆனால் ஒரு கைகுலுக்கலும் ஒரு கூட்டறிக்கையும் ஒத்துழைப்பு எனக் கணக்கில் ஏறும்போது, கீழே இருப்பவர் வேறு வழியின்றி ஒப்புக்கொண்டதும் அதே நிரலில் விழுந்துவிடுகிறது. முரண்பாடும் ஒத்துழைப்பும் ஒரே உறவில் ஒரே வேளையில் இருக்கக்கூடியவை என்று மார்க் ஸைதூன், நாஹோ மிருமாச்சி போன்றோர் பின்னர் வாதிட்டது இதனால்தான். கல்லோயாவை அறிந்த எவருக்கும் அது புதுமையாக இராது.

இவ்வாய்வுக்கு மிகவும் பயன்படும் ஒப்பீடு கங்கை. 1975இல் இந்தியா பரக்கா அணையை இயக்கத் தொடங்கிய பின், வங்காளதேசத்தின் வறட்சிக்கால நீர் அந்த மடையின் தயவில் நின்றது. 1977இல் ஐந்தாண்டு உடன்படிக்கை ஒன்று வந்தது. பின்னர் குறுகிய கால இணக்கங்கள். 1988 முதல் 1996 வரை எதுவுமே இல்லை. 1996 டிசம்பர் 12இல் கையெழுத்தான 30 ஆண்டு ஒப்பந்தம், ஜனவரி முதல் மே இறுதிவரையான காலத்தைப் பத்துப் பத்து நாட்களாகப் பிரித்தது. பரக்காவுக்கு வரும் நீர் வினாடிக்கு 70,000 கன அடி அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் இருவருக்கும் பாதி பாதி. 70,000க்கும் 75,000க்கும் இடையில் இருந்தால் வங்காளதேசத்துக்கு 35,000. அதற்கு மேலானால் இந்தியாவுக்கு 40,000, எஞ்சியது வங்காளதேசத்துக்கு. மார்ச் 11 முதல் மே 10 வரையான கடும் வறட்சியில் இரு நாடுகளுக்கும் ஒன்றுவிட்ட ஒரு பத்து நாளில் 35,000 கன அடி உறுதி செய்யப்பட்டது. இதை வாசிக்கும் கமக்காரர் எவரும், இது நாடுகளுக்கிடையே வைக்கப்பட்ட முறைநீர் என்று உடனே கண்டுகொள்வார்.

ஆனால் அந்த ஒப்பந்தத்தின் உயிர் அட்டவணையில் இல்லை, அளவீட்டு ஏற்பாட்டில் இருக்கிறது. கூட்டுக் குழுவின் கீழ் பரக்காவிலும் வங்காளதேசத்தின் ஹார்டிஞ்ச் பாலத்திலும் இரு நாட்டவரும் சேர்ந்து நாளாந்தம் நீரை அளக்கிறார்கள். கீழே இருப்பவரின் ஆள் மேலே மடையருகே நிற்கிறார். மேலே இருப்பவரின் ஆள் கீழே வந்து பார்க்கிறார். நீர் குறைந்தால் அது குறைந்தது என்பதில் சச்சரவு இல்லை. ஏன் குறைந்தது என்பதில்தான் சச்சரவு. ஏனெனில் ஒப்பந்தம் பிரிப்பது பரக்காவை அடைந்த நீரை மட்டுமே. அதற்கு மேலே உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் எடுக்கப்படும் நீருக்கு, 1949 முதல் 1988 வரையான சராசரி வரத்தைப் பேண எல்லா முயற்சியும் எடுக்கப்படும் என்ற வாக்கியத்தைத் தவிர வரம்பு இல்லை. 2026 டிசம்பரில் ஒப்பந்தத்தின் காலம் முடிகிறது. இதற்கிடையே, 1992இல் ஐரோப்பாவுக்கென எழுதப்பட்டு 2016 முதல் எல்லா நாடுகளுக்கும் திறக்கப்பட்ட ஐக்கிய நாடுகள் நீர்ச் சமவாயத்தில், 2025இல் தெற்காசியாவின் முதல் நாடாக வங்காளதேசம் இணைந்தது. கடைமடை நாடு ஒன்று வேறெந்தப் பலமும் இல்லாதபோது சட்டத்தைத் தேடிப் போவது விளங்கிக்கொள்ளக்கூடியதே.

சிந்துவில் கதை வேறு. 1948 ஏப்ரலில் கிழக்குப் பஞ்சாப் கால்வாய்களை மூடியபோது பாகிஸ்தான் கற்ற பாடத்தின் மேல் எழுந்தது, உலக வங்கியின் நடுவில் 1960 செப்டம்பர் 19இல் கராச்சியில் கையெழுத்தான உடன்படிக்கை. அது நீரைப் பங்கிடவில்லை, ஆறுகளையே பங்கிட்டது. ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பாகிஸ்தானுக்கு. நிரந்தர சிந்து ஆணைக்குழு மூலம் நீர்மட்டத் தரவுகள் பரிமாறப்பட்டு, 1965, 1971, 1999 போர்களையும் கடந்து அது நின்றது. 2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலின் பின், இந்தியா அதை இடைநிறுத்தி வைப்பதாக அறிவித்தது. அறுபத்தைந்து ஆண்டுகள் நின்ற எழுத்துரிமையை மேல்மடைக்காரரின் ஓர் அறிவிப்பு தொங்கலில் விடமுடிந்தது என்பதை, எழுத்தே போதும் என்று எண்ணுவோர் கவனிக்க வேண்டும்.

மீகொங்கில் 1995ஆம் ஆண்டு உடன்படிக்கை தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் ஆகிய நான்கையும் இணைக்கிறது; ஆற்றின் தலைப்பில் தொடர் அணைகளைக் கட்டிய சீனா அதற்கு வெளியே நிற்கிறது. வெள்ளக்காலத் தரவுகளை 2002 முதலும் ஆண்டு முழுவதற்குமான தரவுகளை 2020 முதலும் சீனா தருகிறது. தருவது அதன் விருப்பம். செனகல் ஆற்றில் மாலி, மொரித்தானியா, செனகல் ஆகிய மூன்றும் 1972இல் ஓர் அமைப்பை நிறுவி, மாலியின் நிலத்தில் நிற்கும் மனந்தாலி அணையையே மூவருக்கும் பொதுச் சொத்தாக வைத்துக்கொண்டன. இங்கினியாகலை அணையில் மட்டக்களப்புக் கமக்காரருக்கும் ஒரு பங்கு எழுதப்பட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பது வீண் கற்பனையாகாது.

கொடையும் உரிமையும்

இப்போது 1997க்குத் திரும்பினால், அதைப் புகழ்ந்து எழுதியவர்கள் போதிய அழுத்தம் கொடுக்காத ஒன்று தெரிகிறது. அந்த ஆண்டு கீழே வந்த நீர் ஒரு கொடை. கொடுத்தவர்களின் பெருந்தன்மையைக் குறைத்துச் சொல்லவில்லை. போர்க்காலத்தில் அதற்குத் துணிவும் வேண்டியிருந்தது. ஆனால் கொடை அடுத்த ஆண்டு வராவிட்டால் கேட்பதற்கு எந்த ஏடும் இல்லை. இன்ன அளவு நீர்மட்டத்தில் இடதுகரைக் கடைமடைக்கு இன்ன பங்கு என்ற விதி அன்று எழுதப்படவில்லை. பரக்காவில் எழுதப்பட்டது. அதேவேளை, கங்கையில் எழுதப்பட்ட 35,000 கன அடியைத் தாண்டி, இம்முறை உங்களுக்குத் தேவை அதிகம் என்று ஒரு துளியைக் கூட்டிவிடும் மனம் அந்த ஏற்பாட்டில் இல்லை. அது எழுத்தின் எல்லை.

சமூக மூலதனம் என்று அபிவிருத்தி ஆய்வுகள் அழைப்பதன் பலவீனமும் இதுவே. ஒருவரையொருவர் அறிந்த தலைமுறை மூப்படையும்போது, அறிமுகமும் மூப்படைகிறது. 1981இல் வாய்க்காலோரம் நடந்த இளைஞர்கள் இன்று முதியவர்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் வயலில் இல்லை. கமக்காரர் அமைப்புகள் இன்று சட்ட அங்கீகாரமும் முத்திரையும் வங்கிக் கணக்கும் கொண்டவை. உர மானியப் படிவத்துக்கும் சிறு ஒப்பந்த வேலைக்கும் அவற்றின் கையொப்பம் வேண்டும். மேல்மடை அமைப்பும் கடைமடை அமைப்பும் ஒரே வாய்க்காலில் சேர்ந்து நடப்பது அந்தப் பணிப்பட்டியலில் இல்லை. காலப்போக்கில் அந்தச் செயல் ஆய்வின் முறை எஞ்சவில்லை, அமைப்பின் வெற்று ஓடு எஞ்சியது என்பது என் கணிப்பு. இதை ஏற்காதவர்கள் இருப்பார்கள்.

நாடுகளின் சட்டம் இவ்விடத்தில் கல்லோயாவுக்கு ஒன்றைக் கற்பிக்க முடியும். 1997இல் 103 நாடுகள் ஆதரவாக வாக்களித்து 2014இல் நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகள் நீர்வழிகள் சமவாயம், நியாயமான பயன்பாடு, கணிசமான தீங்கு செய்யாமை ஆகிய பெரிய கொள்கைகளோடு, தரவுகளை ஒழுங்காகப் பரிமாறுவதையும் மேலே புதிதாக ஒன்றைச் செய்யுமுன் கீழே அறிவிப்பதையும் கடமையாக்குகிறது. முதலிரண்டும் நீதிமன்றங்களில் நீளும் வழக்குகள். பின்னிரண்டும் நாளைக் காலையே செய்யக்கூடிய வேலைகள். மாவட்ட எல்லையொன்றுக்கு இந்தச் சமவாயம் பொருந்தாது. ஆனால் அந்த வேலைகளைச் செய்யச் சமவாயம் தேவையில்லை.

அளவுகோல்

சேனநாயக்க சமுத்திரத்தின் நீர்மட்டம் நாள்தோறும் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பதிவாகிறது. கடைமடைக்காரருக்கு அதைவிட வேண்டிய எண் வேறு: நீர்த்தேக்கத்திலிருந்து இடதுகரைக்கு இன்று எவ்வளவு விடப்பட்டது, மண்டூர்க் கிளையின் தலைப்பில் எவ்வளவு வந்தது, நவகிரிக் குளத்துக்குள் எவ்வளவு விழுந்தது. இம்மூன்று எண்களும் ஒரே பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டால், இடையில் குறைந்த நீர் எங்கே குறைந்தது என்று கேட்பதற்கு ஊகமும் இனமும் தேவைப்படாது. வாய்க்காலின் கசிவா, அனுமதியின்றி வைத்த மோட்டாரா, துருசைத் திறந்த நேரமா என்பது எண்ணிலேயே தெரியும். பரக்காவைப் போல, கீழிருந்து இரண்டு வட்டவிதானைமார் மேலே சென்று பலகையைப் பார்க்கவும் மேலிருந்து இருவர் நவகிரிக்கு வந்து பார்க்கவும் ஒழுங்கு செய்வதற்கு ஆகும் செலவு, ஒரு போகத்துக்குச் சில பஸ் பயணங்கள்.

இந்த அளவீடு சிறுபோகத்துக்கு மட்டுமானதல்ல. வடகீழ்ப் பருவக்காற்றின்போது இதே ஆறு வேறு முகம் காட்டுகிறது. 2011 ஜனவரியில் மட்டக்களப்பும் அம்பாறையும் மூழ்கியபோது கண்டதுபோல, மேலே குளங்கள் நிரம்பி வான் பாய்வதும் துருசுகள் திறக்கப்படுவதும் கீழே உள்ள ஊர்களுக்குத் தக்க நேரத்தில் தெரிவது உயிர்ப் பிரச்சினை. வறட்சியில் நீரைக் கேட்பதற்கும் வெள்ளத்தில் எச்சரிக்கையைக் கேட்பதற்கும் ஒரே தரவுக் கோடு போதும். மீகொங்கில் சீனா முதலில் கொடுக்க முன்வந்தது வெள்ளக்காலத் தரவைத்தான் என்பது தற்செயலல்ல: வெள்ளத்தை அறிவிப்பதில் மேல்மடைக்காரர் எதையும் இழப்பதில்லை. ஆகவே இங்கும் அதிலிருந்து தொடங்குவதே எளிது. வறட்சிக்கால எண்களை அதன் பின் கேட்கலாம்.

இதைச் செய்யக்கூடிய நிறுவனங்கள் தொலைவில் இல்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இரண்டும் கிழக்குக் கரையோரம், அணையிலிருந்து பார்த்தால் கீழே. 1981இன் ஆய்வு கொழும்பிலிருந்தும் நியூயோர்க் மாநிலத்திலிருந்தும் வந்தது. அடுத்த ஆய்வு கடைமடையிலிருந்து மேல்நோக்கிச் செல்லலாம்: ஒரு போகத்துக்கு மேற்சொன்ன மூன்று இடங்களிலும் இரு மொழி மாணவர்கள் சேர்ந்து அளந்து, அம்பாறையில் நடக்கும் போக ஆரம்பக் கூட்டத்திலும் நவகிரிப் பிரிவுக்காக மட்டக்களப்பில் நடக்கும் கூட்டத்திலும் ஒரே தாளை வாசிப்பது. இரு கூட்டங்களின் அறிக்கையிலும் ஒரே எண் பதிவான பின், இன்ன நீர்மட்டத்தில் கடைமடைக்கு இன்ன பங்கு என்ற விதியைத் திட்ட முகாமைத்துவக் குழுவின் முன் வைக்க இயலும். அதற்கு முன்னர் வைத்தால், எந்த எண் சரியானது என்ற வாதத்திலேயே கூட்டம் முடிந்துவிடும்.